அஷ்டாவதானிக்கு ஒரு தயிர் டப்பா

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம். ஆய்வறிக்கையின் மூணாவது அத்தியாயத்தை கைடு நாலாவது தடவையா திருப்பி அனுப்பி இருக்கார். அந்தக் கடுப்பில் உட்கார்ந்திருந்தபோது, போன வாரம் ஜூனியர் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். மதுரைக்காரப் பையன். இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. ஹால் மூலையில் காலியாகக் கிடக்கும் பெரிய கண்ணாடித் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்துட்டு ஆரம்பிச்சான்.

"அண்ணே, இது சும்மாத்தானே கிடக்கு? ஒரு ஆக்டோபஸ் வாங்கி விடுவோமா? வீடியோவுல பார்த்தேன், கை கொடுக்குதுண்ணே!"

"வேணாம்டா."

"ஏண்ணே?"

சொல்ல ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆச்சு. சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில் பையன் ஒரே போடா போட்டான்: "நீங்க மட்டும் வளர்த்தீங்கல்ல?" நியாயமான கேள்வி. அதனால், அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு திருத்தம். வளர்த்தது நான் இல்லை, என் ஹவுஸ்மேட். அமெரிக்கன். பள்ளிக்கூட வயசில் இருந்து கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன். நாங்கள் இருப்பது ஓஹையோ மாநிலத்தில். கடல் பார்க்கணும்னா எட்டு மணி நேரம் கார் ஓட்டணும். அப்படிப்பட்ட ஊரில், 2023 செப்டம்பரில் ஒருநாள் காலையில் கூரியர்காரர் ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் பை, பைக்குள் உப்புத்தண்ணீர். தண்ணீருக்குள் எலுமிச்சம்பழ அளவு உடம்போடு ஒரு சாம்பல் நிற மூட்டை. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதற்கு முன்னாடியே அது என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தது என்றுதான் தோன்றியது.

எனக்கு ஆக்டோபஸ் ஒன்றும் புதுசு இல்லை. நான் நாகர்கோவில்காரன். குளச்சல் பக்கம் வலையில் ஏறினால் பேய்க்கணவாய் என்பார்கள். ஊசிக்கணவாய் மாதிரி எல்லார் வீட்டுக் குழம்புக்கும் வருகிற சரக்கு இல்லை, பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போய்விடும். சின்ன வயசில் கடற்கரையில் கூடையில் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்ததில்லை. உயிரோடு முதலில் பார்த்தது கடலே இல்லாத ஓஹையோவில்.

ஹவுஸ்மேட் அதுக்கு ஏதோ ஒரு பாட்டுக்காரன் பேரை வச்சான். நான் வச்ச பேர் அஷ்டாவதானி. (டி.ராஜேந்தர் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) எங்க ஊர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயத்தைக் கவனித்துப் பதில் சொன்ன சதாவதானி. அந்த மண்ணில் பிறந்துட்டு எட்டுக் கைக்காரருக்கு வேற என்ன பேர் வைக்கிறது? கடைக்காரர் "அநேகமா ஆண்" என்று சொல்லியிருந்தார். ஆணுக்கு வலப்பக்கம் மூணாவது கை மட்டும் நுனியில் வேற மாதிரி இருக்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். நம்ம ஆள் அந்தக் கையைச் சுருட்டியே வைத்திருந்ததால் கடைசிவரை சரியாகப் பார்க்க முடியவில்லை. இது பின்னாடி முக்கியமாகப் போகிறது.

இனம், கலிபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ். கண்ணுக்குக் கீழே ரெண்டு பக்கமும் நீல வளையம் போட்ட பொய்க்கண் இருக்கும். இங்கே வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது இதைத்தான். (நீலவளைய ஆக்டோபஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது வேற. கடித்தால் டெட்ரோடோடாக்சின், மாற்று மருந்து கிடையாது. அதையும் வாங்கித் தொட்டியில் விடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.)

ஜூனியருக்கு நான் சொன்ன முதல் விஷயம் செலவும் வேலையும். தண்ணீரை ஊற்றி மறுநாள் ஆக்டோபஸை விட முடியாது. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியேற மாசக்கணக்கில் ஆகும். மூணு மாசமாவது தொட்டி வெறுமனே ஓடணும். குறைந்தது 200 லிட்டர். இந்த இனத்துக்கு 18 டிகிரி பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் வேணும், அதனால் சில்லர் ஒன்று ராத்திரி பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். ஆக்டோபஸ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். அதனால் ஸ்கிம்மர். தண்ணீரில் துளி செம்பு கலந்தாலும் ஆபத்து. மீனுக்குப் போடும் செம்பு மருந்து முன்பு எப்பவாவது பட்ட தொட்டியைக் கூட நம்ப முடியாது. இத்தனைக்கும் அதன் சொந்த ரத்தம் நீலமாக இருப்பதே செம்பால்தான்! மூணு இதயம் அந்த நீல ரத்தத்தைச் சுற்ற விடுகிறது.

அப்புறம் மூடி. உடம்பில் எலும்பு கிடையாது, அலகு ஒன்றுதான் கெட்டியான பகுதி. அலகு நுழைந்தால் ஆளே நுழைஞ்சிடும். 2016-ல் நியூசிலாந்து நேப்பியர் ஊரில் தேசிய மீன்காட்சி சாலையில் இருந்து இங்கி என்ற ஆக்டோபஸ், தொட்டியை விட்டு இறங்கித் தரையில் நகர்ந்து, வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. அங்கேயே அந்தக் கதி என்றால் நாம எம்மாத்திரம்? எங்க தொட்டி மூடியில் நாலு கிளிப், அதுக்கு மேல ரெண்டு செங்கல். ஓஹையோவில் வெளியே வந்தால் போய்ச் சேர கடல் கிடையாது, கார்ப்பெட்தான்.

சரி, இதெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் சமாளிக்கலாம். என் வாதம் இது இல்லை.

பொதுவாக ஆக்டோபஸ் வளர்க்கக்கூடாது என்று சொல்பவர்கள் சொல்லும் காரணம், "அது ரொம்ப புத்திசாலி". சுமார் ஐம்பது கோடி நியூரான், அதில் மூணில் ரெண்டு பங்கு கைகளில். ஜாடி திறக்கும், புதிர் போடும், இத்யாதி. இந்தக் காரணம் எனக்கு எப்பவுமே உறுத்தும். புத்திசாலியைக் கூண்டில் போடக்கூடாது என்றால் மக்கை மட்டும் போடலாமா? நம்ம கிளாஸில் பர்ஸ்ட் ரேங்க் எடுத்தவனுக்கு மட்டும் அடி விழாது, அந்த மாதிரி நியாயம் இது.

நாலு மாசம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது வேற. அஷ்டாவதானியின் விசேஷம் புத்தி இல்லை, அவதானம். அதாவது கவனிப்பு. நாங்கள் ஹாலில் நடந்தால் கண் கூடவே வரும். ஹவுஸ்மேட் வந்தால் ஒரு நிறம், நான் வந்தால் ஒரு நிறம். இது என் கற்பனை என்றுதான் முதலில் நினைத்தேன். சியாட்டில் மீன்காட்சி சாலையில் இதையே சோதித்து 2010-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி சீருடை போட்ட ரெண்டு பேர். ஒருத்தர் தீனி போடணும், இன்னொருத்தர் முள்ளுக்குச்சியால் தொடணும். ரெண்டே வாரத்தில் ஆக்டோபஸ்கள் ஆள் அடையாளம் கண்டு ஒருத்தரிடம் வந்தன, ஒருத்தரைக் கண்டு விலகின.

ஆனால் இவ்வளவு கவனிக்கும் உயிருக்கு நாங்கள் கவனிக்கக் கொடுத்தது என்ன? கொஞ்சம் கல், ஒரு பூந்தொட்டித் துண்டு, ஒரு லெகோ பொம்மை, வாரத்துக்குச் சில நண்டு, அப்புறம் ரெண்டு ஆராய்ச்சி மாணவர்கள் சோபாவில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்னும் காட்சி. கடலில் ஒரு பாறை இடுக்கில் ஒரு ராத்திரியில் நடப்பதில் நூறில் ஒரு பங்கு கூட அங்கே நடக்காது. சில நாள் ராத்திரி மூணு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்து வருவேன். அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருட்டு ஹாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் லைட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். அதைத் தவிர அந்த வீட்டில் அப்போது நடக்கிற விஷயம் நான் ஒருத்தன்தான்.

நானும் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஜன்னலில் அப்படித்தான் நின்றேன் என்று எழுதினால் நீங்கள் "ஆஹா" போடுவீர்கள். வேண்டாம். நான் விசா எடுத்து வந்தவன், நினைத்தால் டிக்கெட் போட்டுத் திரும்புவேன். ரெண்டும் ஒண்ணு இல்லை.

இப்ப மெயின் மேட்டர்.

2023 டிசம்பர் கடைசி. ஹவுஸ்மேட் கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம் ஊருக்குப் போய்விட்டான். தொட்டி என் பொறுப்பு. ரெண்டாவது வாரம் அஷ்டாவதானி வெளியே வருவதை நிறுத்தியது. பூந்தொட்டித் துண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையில் கொத்துக்கொத்தாக வெள்ளையாக ஏதோ தொங்கியது. நெல்மணியை விடக் கொஞ்சம் பெருசு. நம்ம 'பையன்' அதைக் கைகளால் தடவிக்கொண்டு, தண்ணீரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தது.

வீடியோ காலில் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான், "அப்ப அவ்வளவுதான்."

எனக்குப் புரியவில்லை. முட்டை போட்டிருக்கே, நல்ல சேதிதானே? அப்புறம்தான் விளக்கினான். பெண் ஆக்டோபஸ் வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டை போடும். அடைகாக்கும்போது தீனியை நிறுத்திவிடும். குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செத்துப்போகும். துணையே இல்லாமல் முட்டை எப்படி? கடலில் இருந்து பிடிபடுவதற்கு முன்பே இணை சேர்ந்திருக்கும். ஆணின் விந்துவை மாசக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ள முடியும். அதாவது, வாசலுக்கு வந்த அந்தத் தெர்மோகோல் பெட்டியிலேயே எல்லாம் இருந்தது.

ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அம்மாவின் முதல் கேள்வி, "அது எதாவது தின்னுச்சா மக்கா?" என்பதாகிவிட்டது. (நான் தின்றேனா என்பது ரெண்டாவது கேள்வி.) முதல் சில நாட்கள் குச்சியில் குத்திக் கொடுத்த இறாலை வாங்கியது. அப்புறம் வாங்கித் தள்ளிவிட்டது. அப்புறம் வாங்கவே இல்லை. அம்மாவால் அதை ஏற்க முடியவில்லை. "அடைக்கோழி கூட ஒரு நேரம் எறங்கி வந்து கொத்திட்டுப் போவும். இது என்ன ஜென்மம்?"

இந்த இடத்தில் எல்லாரும் 'தாய்மை' என்று கவிதை எழுதக் கிளம்பிவிடுவோம். நானே ஒரு வரி எழுதிட்டு அழித்தேன். ஏன்னா, இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 1977-ல் ஜெரோம் வொடின்ஸ்கி என்பவர், அடைகாக்கும் பெண் ஆக்டோபஸ்களின் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வைச் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். அவை முட்டையை விட்டு விலகின, திரும்பவும் தின்ன ஆரம்பித்தன, கூடுதல் காலம் வாழ்ந்தன. 2022-ல் இதே இருபுள்ளி இனத்தை வைத்து வந்த ஆய்வு, அடைகாக்கும் காலத்தில் அந்தச் சுரப்பி கொலஸ்டிரால் சார்ந்த ரசாயனங்களைத் தயாரிக்கும் விதமே மாறுகிறது என்று காட்டியது. ஆக, உள்ளே ஒரு கடிகாரம் இருக்கு. முட்டை போட்டவுடன் அலாரம் அடிக்குது. தியாகமும் இல்லை, தேர்வும் இல்லை.

அது தெரிந்த பிறகு பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது என்பதுதான் உண்மை. தியாகம் என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். தொட்டியில் அடைபட்ட தாய் ஆக்டோபஸ்கள் கடைசிக் கட்டத்தில் கண்ணாடியில் மோதுவது, சொந்தக் கை நுனியையே கடித்துத் தின்பது எல்லாம் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருப்பது. நாங்களும் அதில் கொஞ்சம் பார்த்தோம். விவரிக்க மாட்டேன்.

கடலிலும் இப்படித்தானே சாகும் என்று கேட்கலாம். ஆமாம், சாகும். கலிபோர்னியா மான்டரே கடலில் 1400 மீட்டர் ஆழத்தில் ஒரு ஆக்டோபஸ் 53 மாசம் அதே பாறையில் அடைகாத்ததை 2007-ல் இருந்து 2011 வரை போய்ப் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நாலரை வருஷம்! ஆனால் அங்கே குஞ்சு வெளியே வந்தால் கடல் இருக்கு. இங்கே வெளியே வந்தால் நாங்கள் இருந்தோம்.

ஏறக்குறைய ரெண்டு மாசத்தில் முட்டைக்குள் ரெண்டு கறுப்புப் புள்ளிகள், கண்கள், தெளிவாகத் தெரிந்தன. மார்ச் முதல் வாரத்தில் பொரிய ஆரம்பித்தது. பட்டாணி அளவு, முழு ஆக்டோபஸ்! பிறந்த நிமிஷமே நிறம் மாற்றுது, மை கூட விடுது. அஷ்டாவதானி அதற்கு ரெண்டு நாள் கழித்து வெளிறிப்போய்க் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னபோது, "சரி, போய்க் குளிச்சிட்டுச் சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் ஆக்டோபஸ் 'இனப்பெருக்கம்' செய்வது பற்றி ஜூனியர் பெரிய கனவோடு இருந்தான். "குஞ்சு வித்தே பீஸ் கட்டிடலாம்ல!" தம்பி, கேட்டுக்கோ.

ஆக்டோபஸ்களில் பொதுவாக ரெண்டு வகை. சாதாரண ஆக்டோபஸ் போன்றவை லட்சக்கணக்கில் பொடி முட்டை போடும். குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதவை உயிர்களோடு மிதந்து திரியும். அதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நடக்காத காரியம். பெரிய ஆய்வுக்கூடங்களே பல வருஷம் திணறின. இருபுள்ளி மாதிரி சில இனங்கள் சில நூறு பெரிய முட்டைதான் போடும். குஞ்சு நேராகத் தரையில் இறங்கிவிடும். வீட்டில் முயல முடிவது இதை மட்டும்தான்.

முயல முடியும் என்பதற்கும் முடியும் என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய பிரச்சினை: ஒன்றை ஒன்று தின்றுவிடும். உடன்பிறப்பு என்ற பேச்சே கிடையாது. அதனால் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனி வீடு வேணும். நாங்கள் ரெண்டு வாரமாகத் தயிர் தின்று டப்பா சேர்த்தோம். அக்கம்பக்கத்து இந்திய மாணவர் வீடுகளிலும் வசூல். ஒவ்வொரு டப்பாவிலும் துளை போட்டு, வலை ஒட்டி, தொட்டியில் மிதக்க விட்டோம். மொத்தம் 43 டப்பா, 43 குஞ்சு. மிச்சம் எத்தனை பொரியாமல் போச்சு, எத்தனை பம்பில் போச்சு என்று கணக்கு வைக்கவில்லை.

தீனி உயிரோடு இருக்கணும், அசையணும். பொடி மைசிட் இறால் வாராவாரம் கூரியரில் வரவேண்டும். பனிப்புயலில் ஒரு வாரம் கூரியர் வரவில்லை. அந்த ஒரு வாரத்தில் 11 போச்சு. தினம் ரெண்டு வேளை 43 டப்பாவையும் திறந்து, மிச்சத் தீனியை உறிஞ்சி எடுத்து, புதுசு போட்டு... என் மூணாவது அத்தியாயம் ஏன் நாலு தடவை திரும்பி வந்தது என்பது இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். சில குஞ்சுகள் நன்றாகத் தின்னும், மறுநாள் காலையில் வெள்ளையாகக் கிடக்கும். காரணம் தெரியாது. ஏப்ரல் கடைசியில் 9. ஜூனில் 2. அதில் ஒன்று ஆகஸ்டில் துளை வழியாக வெளியேறி ஸ்கிம்மருக்குள் போய்ச் செத்தது.

இதே சமயத்தில் ஓக்லஹோமாவில் ஒரு குடும்பத்தின் கதை இணையமெங்கும் ஓடியது. பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய டெரன்ஸ் என்ற ஆக்டோபஸ், ஆண் என்று நினைத்தது, முட்டை போட்டு 50 குஞ்சு வரை பொரித்தது. அதே இருபுள்ளி இனம். உலகமே சிரித்து ரசித்தது. அந்த வீடியோக்களைப் பார்த்தபோது அந்த அப்பாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்தான் எனக்குத் தெரிந்தது :-) ஜூனியர் பார்த்ததும் அந்த மாதிரி வீடியோதான். வீடியோவில் குஞ்சு வரும். கூரியர் வராத வாரம் வராது.

ஆகவே என் வாதம் இதுதான். வீட்டில் பிறந்து வளர்ந்த ஆக்டோபஸ் சந்தைக்கு வருவது மிக அபூர்வம். வர முடியாத காரணமும் மேலே சொல்லியாச்சு. அதனால் கடையில் இருப்பது பெரும்பாலும் கடலில் பிடித்தது. பிடிக்கும்போதே ஓரளவு வளர்ந்திருக்கும். இந்த இனத்தின் ஆயுள் ஒன்று, மிஞ்சினால் ரெண்டு வருஷம். நாய்க்குட்டி மாதிரி ஒரு வாழ்க்கையின் தொடக்கத்தை நீங்கள் வாங்குவதில்லை. ஒரு வாழ்க்கையின் கடைசிப் பகுதியை வாங்கி, அதை ஹாலில் வைக்கிறீர்கள். அது செத்ததும் தொட்டி காலியாகுது. லட்சக்கணக்கில் கொட்டிய சில்லர், ஸ்கிம்மர் எல்லாம் சும்மா கிடக்கு. அப்ப என்ன பண்ணுவோம்? இன்னொன்று வாங்குவோம். ஜூனியர் கேட்டதும் அதைத்தானே? தொட்டி காலியா இருக்கே என்பதுதான் அவனுக்குக் காரணம். ஒரு உயிரைக் கடலில் இருந்து எடுக்க இது போதாது.

எதிர்வாதங்களுக்கும் வர்றேன்.

ஒன்று. தொட்டியில் வளர்த்தவர்களால்தான் நிறைய விஷயம் தெரியவந்தது என்பார்கள். முழு உண்மை. கண்ணாடித் தொட்டி என்ற ஒன்று உருவானதிலேயே ஆக்டோபஸுக்குப் பங்குண்டு. சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து வைத்தது, ஓடு சுமக்கும் ஆக்டோபஸ் இனமான ஆர்கோநாட்டைக் கவனிக்கத்தான். அந்த ஓட்டை அது திருடவில்லை, தானே செய்கிறது என்று நிரூபித்தார். நம்ம காலத்திலும், பெரிய பசிபிக் வரி ஆக்டோபஸ் பல தடவை முட்டை போடும், ஜோடியாக அலகோடு அலகு வைத்து இணையும் என்றெல்லாம் பனாமாவில் ஆர்கடியோ ரோடனிச்சே சொன்னபோது நம்ப ஆள் இல்லை. ரிச்சர்ட் ராஸ், ராய் கால்டுவெல் முதலானோர் தொட்டியில் வைத்துப் பார்த்து 2015-ல் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அதன் சின்ன உறவுக்கார இனத்தை வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காட்டியும் விட்டார்கள். அதுவும் பல தடவை முட்டை போடும் இனம். நான் இதை எதிர்க்கவில்லை. குறிப்பேடும் கேள்வியும் வைத்திருப்பவர் வளர்க்கட்டும். எங்க வீட்டில் இருந்தது குறிப்பேடு இல்லை, செல்போன் கேமரா.

ரெண்டு. "நீ கணவாய் தின்பவன்தானே, உனக்கு என்ன பேச்சு?" தின்பவன்தான். அம்மா வைக்கிற கணவாய்த் தொக்குக்கு இன்றைக்கும் சொத்தை எழுதிக் கொடுப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: வலையில் வந்ததைத் தின்பதற்கும், இத்தனை மாசம் அதன் கண் முன்னால் உட்கார்ந்து 'நீ என் செல்லம்' என்று சொல்லிக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவதில் பொய் இல்லை.

மூணு. சட்டம் தடுக்கலையே? வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2024-ல் ஆக்டோபஸ் பண்ணைகளைத் தடை செய்தன. ஸ்பெயினின் நுவேவா பெஸ்கனோவா நிறுவனம் கானரித் தீவுகளில் வருஷம் 3000 டன் பண்ணை வைக்கத் திட்டம் போட்டதில் கிளம்பிய எதிர்ப்பு அலை அது. பிரிட்டனில் 2022 சட்டம் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்கள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த அமெரிக்கச் சட்டங்கள் சாப்பாட்டுக்காக வளர்ப்பதைப் பற்றியவை. வீட்டுத் தொட்டிக்கு அவை வரவில்லை. வரணும் என்றும் நான் கேட்கவில்லை. போலீஸ் வந்து தொட்டியை எண்ணுவதெல்லாம் நடக்கிற கதையா? கடைக்காரர் ஒரு அட்டையில் நாலு வரி எழுதி ஒட்டினாலே போதும்: இது கடலில் பிடித்தது, வயது தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, சில மாசத்தில் செத்துவிடலாம். படித்துவிட்டும் வாங்குபவர் வாங்கட்டும்.

அந்த 43-ல் மிச்சமிருந்த ஒன்று? இது நிஜமாகவே ஆண். வீட்டிலேயே பிறந்ததால் கடல் என்றால் என்னவென்றே தெரியாது. 13 மாசம் இருந்து, 2025 ஏப்ரலில் செத்தது. அம்மாக்காரி மாதிரி அது ராத்திரியில் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் பூந்தொட்டிக்குள் தூங்கும். ஹவுஸ்மேட் "இதுக்குப் பழகிடுச்சு, சந்தோஷமா இருக்கு" என்பான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவன் படிப்பு முடிந்து போகும்போது தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஜூனியரிடம் கடைசியாகச் சொன்னேன்: "உனக்கு ஆக்டோபஸ் பார்க்கணும்னா லீவுல எங்க ஊருக்கு வா. குளச்சல்ல விடியக்காலைல வள்ளம் கரை ஏறும்போது நில்லு. ஒண்ணு ரெண்டு உயிரோட வரும். பாரு, அதுக்கப்புறம் வாங்கறதா வேணாமான்னு நீயே சொல்லு." பையன் யோசிச்சான். "சரிண்ணே... அப்ப இந்தத் தொட்டில கப்பி மீன் விடலாமா?" என்றான்.

விடலாம்டா. செங்கலை மட்டும் எடுத்துடு.

உங்களில் யாராவது இதை வளர்த்திருந்தால், நான் சொன்னதில் தப்பு இருந்தால், கூச்சப்படாமல் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

டிஸ்கி: 43 தயிர் டப்பாவும் இன்னும் சமையலறை அலமாரியில்தான் இருக்கு. எங்க வீட்டுக்கு வருபவர்கள் தயவுசெய்து அதில் ரசத்தை ஊற்றி வைக்காதீர்கள். எல்லாத்திலும் துளை இருக்கு.